ஒரு பாட்டுக்கு ஏன் இத்தனை பயம்?

போன வைகாசியில் இராமநாதபுரம் கடலோரத்து ஊர் ஒன்றில் நம் தோழர் வீட்டுக் கல்யாணம். ரேடியோ செட்டில் ‘போராடடா’ பாட்டு ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் ஜீப் வந்து நின்றது. “அந்தப் பாட்டை மட்டும் நிறுத்து, மத்ததைப் போட்டுக்க” என்றார்கள். செட்டுக்காரர் நிறுத்திவிட்டார். அவர் பிழைப்பு அவருக்கு. அடுத்து ஓடியதும் அரிவாளும் மீசையும் பேசும் பாட்டுதான். அதற்கு யாரும் இறங்கி வரவில்லை.

1985-இல் வந்த ‘அலை ஓசை’ படத்துப் பாட்டு அது. சிறுமுகை ரவி இயக்கம், விஜயகாந்த் நாயகன், இளையராஜா இசை. பாடியவர் மலேசியா வாசுதேவன். ‘சிவப்பு மல்லி’, ‘சாதிக்கொரு நீதி’ என்று 1981 முதலே, கறுத்த உடம்போடு அடங்காமல் நின்ற ஒருவரைத் திரையில் பார்த்து வளர்ந்தவர்கள் நம் அண்ணன்மார். படத்தின் கதையை இன்று அவர்களிடம் கேட்டால் பாதிப் பேருக்கு ஞாபகமில்லை. பாட்டு மட்டும் தியேட்டரை விட்டு இறங்கி, சேரிக்குள் வந்து, கோயில் கொடை, கபடிப் போட்டி, கல்யாணம் என்று தங்கிவிட்டது. அதை யாரும் நமக்கு எழுதித் தரவில்லை. நாமே எடுத்துக்கொண்டோம்.

“வாள் என்று வருகிறதே, தூண்டுகிறதே” என்கிறார்கள். சரி. அந்தப் பாட்டில் எந்தச் சாதியின் பெயர் வருகிறது? 1992-இல் ‘தேவர் மகன்’ வந்தது. ‘போற்றிப் பாடடி’ ஒரு சாதியின் கீதமாகவே இந்த மாவட்டத்தில் ஒலிக்கிறது. இரண்டுக்கும் மெட்டுப் போட்டவர் ஒருவரே. ஒன்று பெருமை, இன்னொன்று கலவரத் தூண்டல் என்று பிரித்த காது யாருடையது?

தியாகி இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டது 1957 செப்டம்பர் 11. அதே தேதியில், 2011-இல், அவர் நினைவு நாளுக்குத் திரண்ட கூட்டத்தின் மீது ஐந்துமுனை சந்திப்பில் போலீஸ் சுட்டது. ஆறு பேர் செத்தார்கள். விசாரித்த சம்பத் ஆணையம் சுட்டது சரிதான் என்றது. அதன் பிறகு செப்டம்பர் வந்தால் தடையாணை, வாடகை வண்டிக்குத் தடை, ஊர் எல்லையில் சோதனை. துப்பாக்கி தூண்டவில்லையாம், ஒலிபெருக்கி தூண்டுகிறதாம்! (மலேசியா வாசுதேவன் இறந்ததும் அதே 2011-தான், பிப்ரவரியில். தன் குரல் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா?)

நம் பக்கத்துக் குறையையும் பேசிவிடுவோம். இந்தப் பாட்டை ரீல்ஸில் போட்டு, அடியில் உட்சாதிப் பட்டம் எழுதி, பைக்கில் முறுக்கிப் போகும் தம்பிகளே, அமெரிக்காவில் 1989-இல் ‘டூ த ரைட் திங்’ படத்துக்காகப் பப்ளிக் எனிமி பாடிய ‘ஃபைட் த பவர்’ பாட்டைக் கறுப்பின மக்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் அதைக் குலத்துக்குக் குலம் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் ‘போராடடா’வைப் பங்கு போட்டால் பக்கத்துத் தெரு பறையர் வீட்டுப் பிள்ளையும், குப்பை அள்ளும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளையும் எதைப் பாடுவார்கள்? நம் தங்கச்சிகள் ஆடுவதற்கு நம் கொடையில் இடம் இருக்கிறதா? கல்யாண வீட்டில் அன்றைக்குப் பாட்டு நின்றபோது போலீஸிடம் போய் “எந்தச் சட்டத்துல சார் தடை? எழுதிக் குடுங்க” என்று கேட்டது கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்தான். பையன்கள் பந்தலுக்குப் பின்னால் நின்றார்கள்.

எழுதித் தரவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டு ஜீப் போய்விட்டது. செட்டுக்காரர் தயங்க, அந்தப் பெண்ணே போய்ப் பாட்டை முதலிலிருந்து போட்டாள்.