கட்டிங் கிளாஸ் படும் பாடு

ஐரோலியில் ஐடி பார்க் பக்கம் திறக்கிற புது ஓட்டல்களுக்கு ஒரே வியாதி. சுவரில் 'பழைய பம்பாய்' படம், வரி போட்ட கட்டிங் கிளாஸில் டீ, தலைக்கு மேல் கோலி சோடா பாட்டிலில் பல்பு. கடன் கேட்டு வருகிறவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'ஆம்பியன்ஸ்' என்று தனித் தலைப்பே இருக்கிறது. டீத்தூளுக்கு இல்லை :)

அந்த கிளாஸ் அழகுக்காக வந்ததில்லை சார். கனமான கண்ணாடி, தட்டி வைத்தாலும் சுலபத்தில் உடையாது. வரிகள் விரலுக்குப் பிடிமானம். கோலி பாட்டிலும் அப்படித்தான். 1870களில் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது; உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துவிடும். அதற்குள் போய் பல்பைச் சொருகுகிறார்கள்!

மாட்டுங்கா கஃபே மெட்ராஸ் 1940ல் ஆரம்பித்தது. அங்கே டபரா டம்ளர் இருப்பது காபி ஆற்ற. தோபி தலாவ் கயானி 1904லிருந்து இருக்கிறது. இரானி கடைகளின் களை கண்ணாடியில் இல்லை. டாக்சி டிரைவரும் வக்கீலும் ஒரே மேசையில் உட்கார்ந்ததில் இருந்தது.

கட்டிங் என்றால் பாதி டீ, குறைந்த காசு. கிளாஸை மட்டும் எடுத்துக்கொண்டு விலையை ஏசிக்குத் தக்கபடி போட்டால், வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்காரர் உள்ளே வந்து ஒரு கட்டிங் குடிக்க முடியுமா?