அச்சகங்களுக்கு ஒரு இம்போசிஷன்

இம்போசிஷன் என்றால் உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது ஒன்றுதான். லேட்டாக வந்த பாவத்துக்கு, ‘இனி தாமதமாக வர மாட்டேன்’ என்று நோட்டில் நூறு தடவை எழுதுவது. அச்சுத் தொழிலில் அதே பெயரில் வேறொரு சமாசாரம் இருக்கிறது. ஒரு பெரிய தாளில் எந்தப் பக்கத்தை எந்த மூலையில், எதை நேராக, எதைத் தலைகீழாக வைத்தால், மடித்து வெட்டிய பிறகு 1, 2, 3 என்று வரிசையாக வரும் என்கிற கணக்கு. இந்தக் கணக்கைப் போடத் தெரியாமல், தெரிந்தாலும் போட மனசில்லாமல், தமிழ்ப் புத்தகங்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

முதலில் ஒரு தாளை எடுங்கள். குறுக்கே மடியுங்கள், மறுபடி, மறுபடி. மூன்று மடிப்பு. எட்டு இலை, பதினாறு பக்கம். பிரிக்காமல், ஓரங்களை விலக்கிப் பார்த்து 1 முதல் 16 வரை எண் போடுங்கள். இப்போது பிரியுங்கள். ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16. மறுபுறத்தில் மிச்சம். பாதி எண்கள் தலைகீழாக நிற்கும். முதுகு மடிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவற்றைக் கூட்டுங்கள். 1-க்குப் பக்கத்தில் 16. 8-க்குப் பக்கத்தில் 9. 4-க்குப் பக்கத்தில் 13. எல்லாம் பதினேழு. இதைத்தான் நம் அச்சகங்களில் ‘ஒரு பாரம்’ என்கிறார்கள். பேப்பர் மடித்து டம்மி போடுவது என்பது இவ்வளவுதான். கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

இது புது வித்தையும் இல்லை. 1578-ல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் சொந்த எழுத்தில், இந்தியாவில் அச்சான முதல் புத்தகம். அது மொத்தமே 16 பக்கம். நாலரை நூற்றாண்டு கழித்து நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்று பார்க்கலாம்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். பெயர் வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்ததை நேரில் பார்த்தவர். டவுன்ஷிப்பிலேயே உயிர்கள் போயின. அணுமின் நிலையத்தைப் பத்திரமாக நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் யார் யாரைத் தூக்கினார்கள், யார் திரும்பவில்லை என்பதெல்லாம் எந்த அரசாங்க அறிக்கையிலும் இல்லாத விவரம். அதை 160 பக்கத்தில் எழுதி, ஓய்வூதியப் பணத்தில் 200 பிரதி அச்சடித்தார். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. தாள்கள் அலையலையாக நெளிந்தன. நடுவில் விரித்தால் ‘சடக்’ என்று முதுகு பிளந்து நாலைந்து இலை கையோடு வந்தது. அச்சடித்துக் கொடுத்தவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: “கடலோர ஊர் சார், உப்புக் காத்து. அப்படித்தான் இருக்கும்.”

உப்புக் காற்றாம்! அதே வீட்டு அலமாரியில், அதே காற்றில், மாஸ்கோவிலிருந்து வந்து என்.சி.பி.ஹெச். கடைகளில் அடிமாட்டு விலைக்கு விற்ற சோவியத் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. நாற்பது வருஷம் ஆச்சு. ஒரு இலை கழன்றதில்லை. காரணம் கம்யூனிசம் இல்லை, தையல். பாரம் பாரமாக மடித்து, ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் நூல் ஓட்டியிருக்கிறார்கள்.

பெரியவரின் புத்தகத்தில் நடந்தது என்ன? பாரமே இல்லை. தனித்தனி இலைகளாக அடித்து, அடுக்கி, முதுகைச் சீவி, சூடான பசையைத் தடவி அட்டையை ஒட்டிவிட்டார்கள். சீவுவதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போகும். உள்மார்ஜின் ஏற்கெனவே அரை அங்குலம். வரியின் கடைசி எழுத்தைப் படிக்க வேண்டுமானால் புத்தகத்தைப் பிளந்துதான் ஆகணும். பிளந்தால் பசை விடும். வாசகன் என்ன செய்வான்?

நெளிவு இன்னொரு கதை. மெஷினில் செய்யும் காகிதத்துக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. பழைய நியூஸ் பேப்பரைக் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கமாகக் கிழித்தால் ரூல் போட்ட மாதிரி நேராக வரும், மறுபக்கமாகக் கிழித்தால் கோணிக்கொண்டு போகும். நேராக வருகிற திசைதான் நார். அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். ஈரம் பட்டால் காகிதம் நாருக்குக் குறுக்கேதான் விரியும். நார் முதுகுக்கு இணையாக இருந்தால், விரிவு வெளி ஓரத்தை நோக்கிப் போகும். தொல்லை இல்லை. மாற்றி இருந்தால் மேலும் கீழுமாக விரியப் பார்க்கும். முதுகைப் பசை பிடித்துக்கொண்டிருக்கிறது, விடாது. அப்புறம் நெளியாமல் என்ன செய்யும்? கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் என்று வருஷம் முழுக்கக் காற்றில் ஈரம் இருக்கும் ஊர்களில் இது உடனே தெரியும். மதுரையில் கொஞ்சம் மெதுவாகத் தெரியும். குற்றவாளி காற்று இல்லை. தாளை எந்தப் பக்கமாக வெட்டி, பக்கங்களை எப்படி அடுக்குவது என்று யோசிக்காத ஆள்.

(சங்க ஆண்டுமலருக்காக நாம் ஏ4 தாளைப் பாதியாக மடித்து, நடுவில் பின் அடிக்கிறோமே, அதுவும் பெரும்பாலும் இதே தப்புதான். கடைகளில் கிடைக்கும் ஏ4-ல் நார் பொதுவாக நீளவாக்கில் ஓடும். மடிப்பு அதற்குக் குறுக்கே விழுகிறது. நாலு பக்க நோட்டீஸுக்குப் பரவாயில்லை.)

இதையெல்லாம் கேட்டால் சாஃப்ட்வேர் பெயர் சொல்லி வாயை அடைக்கிறார்கள். “இன்டிசைன்ல எல்லாமே வரும் சார்.” வராது சார். இன்டிசைனில் ‘பிரின்ட் புக்லெட்’ என்று 2007 முதல் ஒரு வசதி இருக்கிறது. அது இரண்டு பக்கத்தை அருகருகே வைக்கும். அதற்கு முன் பேஜ்மேக்கரில் இருந்த ‘பில்ட் புக்லெட்’டும் நடுவில் பின் அடிக்கிற சின்னப் புத்தகங்களுக்கு ஏற்றதுதான். பதினாறு பக்கத்தை ஒரே பிளேட்டுக்கான கணக்கில் அடுக்க அது போதாது. அதற்கு அக்ரோபாட்டோடு சேரும் ‘கொய்ட் இம்போசிங்’, பெரிய அச்சகங்களில் ‘பிரெப்ஸ்’ என்று தனி மென்பொருள்கள் உண்டு. நம் ஆட்களில் பலர் அதைத் திருட்டு காப்பியாக இறக்கி வைத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு பட்டனை மட்டும் அமுக்குகிறார்கள். காசு கொடுக்க வழி இல்லையென்றால் லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ‘பிடிஎஃப்ஜாம்’ போன்றவையே சின்ன வேலைகளுக்குப் போதும்.

எதை வாங்கினாலும், அது கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தையலா, பசையா, பின்னா? மெஷினில் போகும் தாள் எவ்வளவு? நார் எந்தப் பக்கம்? 64 பக்கப் புத்தகத்துக்கு நடுவில் பின் அடித்தால் உள் தாள்கள் ஒன்றரை மில்லிமீட்டர் வரை வெளியே பிதுங்கும். அதற்கு மார்ஜினைப் படிப்படியாக நகர்த்தியாச்சா? முன்பு பாசிட்டிவ் ஃபிலிமைக் கண்ணாடி மேஜையில் வைத்து ஒட்டிய ஃபோர்மேன் இந்தக் கேள்விகளை டீ குடித்துக்கொண்டே கேட்பார். கம்ப்யூட்டரிலிருந்து நேராக பிளேட் எடுக்கும் மெஷின் வந்ததும் மேஜையோடு அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அடுத்த சால்ஜாப்பு: “இப்பல்லாம் 200 காப்பிதான் சார், டிஜிட்டல். இதுல பாரம், தையல் எல்லாம் சாத்தியமே இல்ல.” பொய். டிஜிட்டல் மெஷினில் ஓடும் 13-க்கு 19 அங்குலத் தாளில், ஒரு புறத்துக்கு நாலு பக்கம் என்று டெம்மி அளவில் எட்டுப் பக்கம் அடிக்கலாம். இரண்டு மடிப்பு. அப்படி ஒன்றுக்குள் இன்னொன்றைச் செருகினால் பதினாறு பக்கப் பாரம் ரெடி. நூல் ஓட்டலாம். நார் 19 அங்குலப் பக்கமாக ஓடும் தாளை வாங்கினால் நெளிவும் இல்லை. பெரியவரின் 160 பக்கம் மிகச் சரியாகப் பத்துப் பாரம். ஒரு பக்கம் கூட வீணாகாது. இதைவிட வசதியான புத்தகம் கிடைக்குமா?

பசை ஒட்டியே ஆகவேண்டும் என்றால் ஒட்டுங்கள். ஒருமுறை படித்துவிட்டு வைக்கிற நாவலுக்கு அது தப்பில்லை. ஆனால் உள்மார்ஜினை முக்கால் அங்குலமாக விடுங்கள். ‘இது தைத்த புத்தகம் இல்லை’ என்று காசு கொடுக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த விலைப்பட்டியலிலும் அப்படி ஒரு வரி என் கண்ணில் பட்டதில்லை. ‘பெர்ஃபெக்ட் பைண்டிங்’ என்று போட்டிருக்கும். பெர்ஃபெக்ட்டாம்!

கடைசியாக, “மடிக்க, தைக்க ஆள் இல்லை” என்பது. ஜனவரி புத்தகக் கண்காட்சிக்காக டிசம்பர் முழுக்க ராத்திரி பகலாக பைண்டிங் கடைகளில் உட்கார்ந்து மடிக்கிற பெண்களிடம் ஒரு பாரத்துக்கு என்ன கூலி என்று கேளுங்கள். அட்டைக்குத் தங்க நிற ஃபாயில் அடிக்கக் கொடுத்த பணத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆள் ஏன் இல்லை என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.