நலவாழ்வு: கழுவிய கரங்கள்

வியன்னா பொது மருத்துவமனையில் 1840-களில் பிள்ளைப்பேற்றுக்கு வந்த தாய்மார் பலர் காய்ச்சல் கண்டு மாண்டனர். மருத்துவ மாணவர் பயின்ற பகுதியில் சாவு மிகுதி. மருத்துவச்சியர் பயின்ற பகுதியில் குறைவு. சாகக்கிடப்போருக்கு நற்கருணை கொண்டுவரும் குருவானவரின் மணியோசை எழுப்பும் அச்சமே காரணமோ என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் ஐயுற்றார். மணியின்றி வேறு வழியாக வருமாறு குருவை வேண்டினார். சாவு குறையவில்லை.

பிணங்களை அறுத்துச் சோதித்த கைகளோடு மாணவர் தாய்மாரைத் தொட்டதே காரணம் எனப் பின்னர் உணர்ந்தார். 1847 மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 ஆக இறங்கியது.

செவிலியராய்ப் பணிபுரியும் நம் பங்கு மக்களுக்கு நாம் கூறுவது இதுவே: நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும், ஊசி ஏற்றுமுன்னும் புண்ணுக்குக் கட்டுப்போடுமுன்னும், இரத்தம் முதலியன பட்டபின்னும், அவரது கட்டிலைத் தொட்டபின்னும் கை கழுவுங்கள். கையுறை அணிந்தோருக்கும் விலக்கில்லை. நோயாளரைக் காணச் செல்லும் நமக்கும் கைகழுவும் கடமை உண்டு.

காணிக்கையை ஒப்புக்கொடுத்தபின் குருவானவர் கைகழுவுவதைத் திருப்பலிதோறும் காண்கிறோம். நோயாளியின் கட்டிலையும் அதே வணக்கத்தோடு அணுகுவோமாக.