மை கழுவிய தண்ணீர் எங்கே போகும்?

பழைய செய்தித்தாள்களின் மையை நீக்கி வெள்ளைக் கடதாசி செய்யும் கைத்தொழில் ஒன்றை, இடம்பெயர்ந்து குடாநாட்டில் வாழும் குடும்பங்களுக்கு ஏற்படுத்திக் கொடுக்கலாம் என்று அண்மையில் ஒரு திட்டம் எமக்கு வந்தது. கூட்டத்தில் நான் அதற்கு உடன்படவில்லை. "வாற வேலையையும் சுவாமி தடுக்கிறார்" என்று சில தாய்மார் மனவருத்தப்பட்டதை அறிவேன். அவர்களுடைய கோபம் நியாயமானது. சொந்தத் தோட்டத்தை விட்டுவந்து பிறர் காணியில் கூலிக்கு வெங்காயம் பிடுங்குகிறவர்களிடம், நிழலில் இருந்து செய்யும் தொழிலொன்று வேண்டாம் என்று சொல்வது இலகுவல்ல. ஆகவே காரணத்தை இங்கு எழுதுகிறேன்.

பழங்கடதாசியை மீளப் பயன்படுத்துவதற்கு நான் எதிரானவன் அல்லன். 1990களின் தடைக்காலத்தில் அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்டு வாசித்த மக்கள் நாம். கடதாசியின் அருமையை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனது ஆட்சேபம் மையைப் பற்றியது மட்டுமே.

மை நீக்குதல் புதிய காரியமுமல்ல. 1774இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் யுஸ்டஸ் கிளாப்ரோத் என்ற சட்டப் பேராசிரியர், அச்சிட்ட தாளின் மையைக் கழுவிப் புதுத்தாள் செய்வது பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். செய்தித்தாள் மை பெரும்பாலும் கரித்தூளும் கனிய எண்ணெயும் கலந்தது. வாசித்தபின் விரலில் கறுப்பு ஒட்டுவது அதனால்தான். இன்றைய ஆலைகளில் தாளை இளஞ்சூட்டு நீரில் கூழாக்கும்போது எரிசோடா, சோடியம் சிலிக்கேற்று, ஐதரசன் பேரொட்சைட்டு, சவர்க்காரம் ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். எரிசோடா நாரை ஊதச்செய்து மையைக் கழற்றும். ஆனால் அதுவே கூழை மஞ்சளாக்கியும் விடும். அதைத் தடுப்பதற்கே பேரொட்சைட்டு. பின்னர் கூழினூடாகக் காற்றுக் குமிழிகளை விடுவார்கள். மைத்துகள் குமிழிகளில் ஒட்டி மேலே வந்து கறுத்த நுரையாகத் திரளும். அதை வழித்தெடுப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எமது கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைப்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறோம் அல்லவா? மையைக் குமிழியோடு சேர்த்துப் பிடிக்க அந்தச் சுண்ணாம்புச் சத்துத்தான் தேவை. மென்னீர் உள்ள ஆலைகளில் அதைக் காசு கொடுத்து வாங்கிக் கலக்கிறார்கள்! திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் இதையும் ஒரு வசதியாகவே எடுத்துச் சொன்னார்கள்.

ஆனால் அந்தச் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வருகிறது? எமது காலடியில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லிலிருந்து. அந்தக் கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே ஊற்றியது கீழே இறங்கும். உரமும் மலக்குழியும் கிணறுகளை ஏற்கெனவே கெடுத்திருக்கின்றன. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, 2014, 2015ஆம் ஆண்டுகளில் சனங்கள் பவுசர்த் தண்ணீருக்குக் காத்துநின்றதை மறந்துவிட முடியாது. செய்தித்தாள் மையிலும் இருப்பது எண்ணெய்தான். அதோடு எரிசோடாவும் சேருகிறது. பெரிய ஆலைகளிலேயே, நூறு கிலோ பழைய தாளில் பதினைந்து இருபது கிலோ கழிவுச் சேறாகப் போகிறது. அவர்களிடம் சுத்திகரிப்புத் தொட்டியும் அதைப் பார்க்க ஆளும் உண்டு. இந்தத் திட்ட அறிக்கையிலோ கழிவுநீருக்கு ஒரு வரிதான்: "பொருத்தமான குழியில் விடப்படும்."

குழி யாருடைய காணியில்? நீங்கள் குடியிருக்கும் காணி பிறருடையது, கிணறும் பிறருடையது. வருடக்கணக்காக வாளி போட விட்ட அந்த வீட்டுக்காரரின் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால், திட்டம் தந்த நிறுவனத்தை எவரும் ஏசப்போவதில்லை. "இடம்பெயர்ந்து வந்ததுகள் கெடுத்துப்போட்டுதுகள்" என்பார்கள். எனக்குப் பெரிய பயம் இதுதான்.

எரிசோடா கையையும் கண்ணையும் எரிக்கும் என்பது வேறு. முகாமுக்குச் சேர்த்து அனுப்பப்படும் பேப்பர்க் கட்டுகள் பல மாதம் வெயிலில் கிடந்தவை. அவற்றின் மை இறுகி இலகுவில் கழலாது, தாளும் பழுத்துவிடும். ஆலைக்காரர் புதுப் பேப்பரை விரும்புவது இதனாலேயே.

மையை நீக்காமல் செய்தால் என்ன? கடையில் முட்டை அடுக்கும் சாம்பல்நிறத் தட்டைப் பாருங்கள். மை அதற்குள்ளேயே இருக்கிறது. கோப்பு மட்டை, தடித்த அட்டை ஆகியவற்றுக்குத் தண்ணீரும் கூழும் சட்டமும் போதும். "சாம்பல் கடதாசியை ஆர் சுவாமி வாங்குவினம்?" என்று ஒரு தாய் கேட்டார். விலை குறைவுதான், மறைக்கமாட்டேன். ஆனால் வெள்ளைதான் வேண்டும் என்று கேட்பவர்கள் யார்? பங்கு அலுவலகங்களும் எங்களைப்போன்ற நிறுவனங்களும் பாடசாலைகளும்தான். எமது நத்தார் மடலும் கோப்பும் சாம்பல்நிறமாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தக் கட்டளைகளை எழுத்தில் பெற்றுத்தருவது என்னைப் போன்றவர்களின் வேலை. அதை இதுவரை நாம் செய்யவில்லை.

தோட்டக்காரருக்கு இன்னுமொரு வழி உண்டு. பேப்பர்க் கீலத்தைப் போத்தலில் சுற்றிக் கழற்றினால் நாற்றுச் சாடி. பளபளப்பான வர்ணத் தாளைத் தவிர்த்து, மண்ணும் கூட்டெருவும் நிரப்பி, மிளகாய், கத்தரி, பப்பாசி போட்டுச் சாடியோடே நடலாம், வேர் அசையாது. பெரிய வருமானம் வராது, பொலித்தீன் பை வாங்கும் காசு மிஞ்சும்.

அந்த நிறுவனத்தார் அடுத்த கூட்டத்துக்கும் வருகிறார்கள். குழி எந்தக் காணியில், கிணற்றுக்கு எத்தனை முழம், நிரம்பினால் யார் அள்ளுவது, எங்கே கொட்டுவது என்று அவர்களைக் கேளுங்கள். காணிக்காரரையும் அழைத்து வாருங்கள். அவருக்குத் திருப்தியான விடை கிடைத்தால் எனது எதிர்ப்பை அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன்.