உறையை மூடுமுன்

அமெரிக்காவில் காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் வீட்டுவசதி டிரெய்லரின் டயர் வெடித்தால், சேதம் டயரோடு முடிவதில்லை. பிய்ந்த ரப்பர்ப் பட்டை சக்கரத்தோடு சுழன்று, சாட்டையைப் போல் வண்டியின் அடிப்பகுதியை அறைகிறது. நெகிழி உறை கிழிகிறது. வெப்பக்காப்புப் பஞ்சு தொங்குகிறது. பிரேக்கின் மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் சிதையக்கூடும்.

கிழிசலை ஒட்டி மூடுவதே பழுதுநீக்கம் என்று கொள்வது ஆபத்தானது. உறையைத் திறந்து எரிவாயுக் கசிவையும் பிரேக்கையும் முதலில் சோதிக்க வேண்டும். அடுத்து, காரணத்தைத் தேட வேண்டும்: காற்றழுத்தக் குறைவா, மிகைச்சுமையா, டயரின் வயதா? பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்கள் அது உருவான வாரத்தையும் ஆண்டையும் கூறும். காரணம் நீங்காவிடில், மற்றொரு டயரும் அவ்வாறே வெடிக்கும்.

பொறுப்பு உரிமையாளரோடு முடிவதில்லை. ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளைத் தொடர்ந்து 2000இல் அந்நாடு இயற்றிய சட்டத்தின் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. டிரெய்லர்களுக்கு அவ்விதி இல்லை. காரின் டயர் தளர்ந்தால் ஓட்டுநரின் கை உணரும். பின்னால் வரும் டிரெய்லரின் டயர் தளர்வது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. எச்சரிக்கை மிகுதியும் தேவைப்படும் இடத்தையே விதி விட்டுவிட்டது.

பழுதையும் சிதைவையும் சிந்தனையின் தொடக்கமாகக் கொள்ளவேண்டும் என்று 2014இல் ஸ்டீவன் ஜாக்சன் வாதிட்டார். கிழிந்த உறையை அவ்வாறு படித்தால், சரிசெய்ய வேண்டியவற்றுள் அவ்விதியும் ஒன்று என்பது விளங்கும்.