பாடசாலைச் சுவருக்கு ரெஜிபோம் கொடுக்காதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றோரும், பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருப்பவர்களும், பழைய மாணவர் சங்கத்துச் சகோதரர்களும் பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலாம் தவணை தொடங்கினால் கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரே காட்சிதான். வகுப்புப் பெற்றோர் கூடிக் காசு சேர்க்கிறார்கள். எட்டுக்கு நாலு ரெஜிபோம் அட்டை, அதன் மேல் வெல்வட் துணி, ஓரத்துக்குச் சரிகை, நாலைந்து போத்தல் கம், பிளாஸ்டிக் பூ. ஒரு சனி ஞாயிறில் எல்லாம் சுவரில் ஏறிவிடும். வகுப்புச் சுவர் நிறைந்தால் நடைபாதை. நடைபாதை நிறைந்தால் படிக்கட்டு. பிறகு போட்டோ, பேஸ்புக், வரிசையாக மாஷா அல்லாஹ்.

அந்த அட்டை எப்படி எரியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ரெஜிபோம் என்பது பொலிஸ்டைரீன். பெற்றோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக்கை ஊதிப் பெருப்பித்தது, கிட்டத்தட்ட 98 வீதம் காற்று. 100 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிச் சுருங்கத் தொடங்கிவிடும். தீப்பிடித்தால் உருகி, எரியும் துளிகளாகக் கீழே சொட்டும். கீழே என்றால் பிள்ளைகளின் புத்தகப் பை, பாய், மேசை. மேலே கரும்புகை, அதற்குள் காபனோரொட்சைட்டு. தீ விபத்துகளில் பலரைக் கொல்வது சுவாலை அல்ல, புகைதான். கட்டட வேலைக்கு வரும் வகையில் தீயை மட்டுப்படுத்தும் இரசாயனம் சேர்ப்பதுண்டு. டீவி பெட்டிக்குள் வரும் பொதியிடும் வகையில் பெரும்பாலும் அதுவும் இல்லை. கடைக்காரரிடம் "இது எந்த வகை நானா?" என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளை வகை என்பார்.

2017 செப்டெம்பரில் அரசாங்கம் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியைத் தடை செய்தது. அதன் காரணம் வேறு, சூழல் மாசு. ஆனாலும் சோற்றுப் பார்சலில் இருந்து விரட்டப்பட்ட பொருள் நம் பிள்ளைகளின் தலைக்கு மேல் வெல்வட் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சொன்னால் எங்களுக்குக் கிடைக்கும் முதல் பதில்: "சுவர் சீமெந்துதானே சேர், சீமெந்து எரியுமா?" எரியாது. சீமெந்துக்கு மேல் நாம் ஒட்டியதுதான் எரியும். தீ எங்கே தொடங்கியது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். அதை எது சுமந்துகொண்டு போனது என்றும் பாருங்கள்.

கும்பகோணத்தை நினைத்துப் பாருங்கள். 2004 ஜூலை 16, ஸ்ரீ கிருஷ்ணா பாடசாலை. தீ தொடங்கியது சமையல் கூடத்தில். வகுப்பறைக்கு மேலே கீற்றுக் கூரை. அடுப்பில் இருந்ததைப் பிள்ளைகளின் தலைக்குக் கொண்டுவந்தது அந்தக் கூரைதான். இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள் மௌத்தானார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பாடசாலைகளின் கீற்றுக் கூரைகளைக் கழற்றினார்கள்.

"எங்களுக்குக் கீற்றுக் கூரை இல்லையே" என்பவர்களுக்கு இன்னொன்று. 1995 டிசம்பர் 23, ஹரியானாவின் டப்வாலி. ஒரு பாடசாலையின் ஆண்டுப் பரிசளிப்பு விழா. பிள்ளைகள், உம்மா வாப்பாமார், ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே பந்தலுக்குள். பந்தல் செயற்கை இழைத் துணி. மின்சாரத்தில் தொடங்கிய தீ துணியைப் பிடித்தது, துணி உருகி எரிந்தபடியே கூட்டத்தின் மேல் விழுந்தது. சில நிமிடங்களில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். அங்கே எரிந்தது கட்டடம் அல்ல. விழாவுக்காக ஆசையாகக் கட்டிய அலங்காரம். மீலாத் விழாவுக்கும் விஞ்ஞானக் கண்காட்சிக்கும் மண்டபம் சோடிப்பவர்கள் இந்த ஒரு சம்பவத்தையாவது தேடி வாசிக்க வேண்டும்.

நம்ம ஊருக்கு வருவோம். 2019இல் கண்டி யட்டிநுவர வீதியில் மாடிக் கட்டடம் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மேல் மாடியில் சிக்கிய தகப்பன் பிள்ளைகளைக் கீழே போட, வீதியில் நின்ற சனங்கள் பிடித்துக் காப்பாற்றினார்கள். அது நகரத்தின் நடு. சனம் நிறைந்த வீதி. நம் பாடசாலைகள் பல மலைச்சரிவில் நிற்கின்றன. ஒரு பக்கம் மண் தாங்கும் மதில், மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒற்றைப் படிக்கட்டு. கண்டியில் இருந்து தீயணைப்பு வண்டி அக்குறணைக்கு வர வேண்டுமென்றால் கட்டுகஸ்தோட்டை நெரிசலைக் கடக்க வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அப்படிப்பட்ட கட்டடத்தில் படிக்கட்டுச் சுவரில் ரெஜிபோம் தொங்கவிடுவதை என்னவென்று சொல்வது? தீப்பிடித்தால் படிக்கட்டு ஒரு புகைபோக்கி. கீழ் மாடிப் புகை முழுவதும் அதன் வழியாகத்தான் மேலே ஏறும். பிள்ளைகள் இறங்க வேண்டிய வழியும் அதுதான். ஒரு பாடசாலையில், பெயர் வேண்டாம், படிக்கட்டுத் திருப்பத்தில் அழகான ஒரு பலகை. அதன் பின்னால்தான் தீயணைக்கும் கருவி தொங்குகிறது. கருவியை மறைத்த பலகையின் தலைப்பு "பாதுகாப்பே முதன்மை".

இதற்கெல்லாம் அதிபர்மாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வகுப்பறை அலங்காரப் போட்டி, 5எஸ், மேற்பார்வைக்கு வரும் குழு, எல்லாவற்றிலும் சுவர் நிறைந்திருந்தால்தான் புள்ளி. வெறும் சுவரோடு இருக்கும் வகுப்பாசிரியர் சோம்பேறி. பிள்ளை வாசிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, பிள்ளையின் ஆக்கம் பிள்ளையின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும், அடிக்கடி மாற வேண்டும் என்று. மூன்று வருடமாக மாறாமல் தூசி பிடித்துக் கிடக்கும் வெல்வட் பலகையில் பிள்ளையின் ஆக்கம் எங்கே? கடையில் வெட்டி வாங்கிய எழுத்துத்தான் இருக்கிறது.

கொடையாளிகளிடமும் ஒரு வார்த்தை. வாப்பாவின் பெயரில், உம்மும்மாவின் பெயரில் ஸதகா ஜாரியாவாகப் பலகை செய்து தருகிறீர்கள். அல்லாஹ் கபூலாக்குவானாக. ஆனால் பாடசாலைக்குக் குடிதண்ணீர்த் தாங்கி தரும்போது, அது சுத்தமான பிளாஸ்டிக்கா என்று பார்த்துத்தானே தருகிறீர்கள்? இரவில் தூங்கும் முன் விளக்கை அணைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பலகைக்கும் அதே கவனம் தேவை.

சரி, எதை வாங்குவது? எங்கள் முதல் தெரிவு இரும்புத் தகடு. வர்ணம் பூசி, காந்தத்தால் தாளைப் பிடிக்கவிடலாம். (அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. வாங்கிய பிறகு எங்களிடம் வந்து கேட்காதீர்கள்.) அஸ்பெஸ்டஸ் கலக்காத சீமெந்து நார்ப் பலகையும் நல்லது, அதில் ஊசி இறங்காது, மேலே ஒரு சட்டம் அடித்துக் கிளிப் போட வேண்டும். சொப்ட் போர்ட் மர நார்தான், அதுவும் எரியும். கட்டாயம் வேண்டுமென்றால் வகுப்புக்குள் சிறிதாக ஒன்று, பிளக் பொயின்டுக்கும் ஸ்மார்ட் போர்டுக்கும் தூரமாக. பலகையைச் சுற்றி மின்குமிழ் மாலை போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

"பயர் ப்ரூப்" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பவரை நம்ப வேண்டாம். சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். ஐரோப்பிய முறையில் ஏ1, ஏ2, பி என்று தொடங்கி எப் வரை போகும், முதல் எழுத்துகள்தான் நல்லவை. பக்கத்தில் எஸ் என்ற எழுத்தோடு வரும் எண் புகைக்கு, டி என்ற எழுத்தோடு வருவது எரியும் துளிக்கு. எண் சிறிதாக இருந்தால் நல்லது. இன்னொன்று, அந்தச் சான்றிதழ் வெறும் பலகைக்குத்தான். அதன் மேல் வெல்வட் ஒட்டிய நிமிடம் அந்தத் தாளுக்குப் பெறுமதி இல்லை.

எவ்வளவு ஒட்டலாம்? தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லாத பாடசாலைக் கட்டடத்தில், சுவரின் 20 வீதத்துக்கு மேல் தாள், ஆக்கம் எதுவும் ஒட்டக்கூடாது என்கிறது அமெரிக்கத் தீப் பாதுகாப்புக் கோவை. 20 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் 200 சதுர அடி. அதில் 20 வீதம் 40 சதுர அடி. எட்டுக்கு நாலு பலகை ஒன்று 32. ஆக, ஒரு சுவருக்கு ஒரு பலகை, மிச்சத்துக்கு நாலைந்து தாள். நம் வகுப்பறைகளில் ஜன்னல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, அதிலும் சில இடங்களில் கலர் பேப்பர்.

காசு கூடும் என்பீர்கள். தகடு வாங்கும் நாளில் கூடும்தான். ஆனால் ரெஜிபோம் வருடா வருடம் உடைகிறது, வருடா வருடம் பெற்றோரிடம் வசூல். தகடு, இப்போது முதலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை ஓ.எல். எழுதும் வரை கிடக்கும். ஒரு வகுப்பு ஒரு வருடத்துக்கு ஒரு தகடு என்று தொடங்கினாலே போதும். படிக்கட்டில் இருப்பதைக் கழற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. நாளைக்கே செய்யலாம்.

அடுத்த அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் யாராவது எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: படிக்கட்டிலும் நடைபாதையிலும் என்ன தொங்குகிறது? தீயணைக்கும் கருவி கண்ணுக்குத் தெரிகிறதா? ஆசிரியர்கள் நாங்கள் கேட்டால் "வேலைக்குப் பஞ்சி" என்பார்கள். நீங்கள் கேட்டால் கூட்டறிக்கையில் பதிவாகும்.

கொடையாளியின் பெயர் வேண்டுமா, இரும்புத் தகட்டின் ஓரத்திலேயே எழுதித் தருகிறோம். கையெழுத்து அழகான டீச்சர்மார் எங்களிடம் தாராளமாக இருக்கிறார்கள்.