பெயர் சூட்டாத பிள்ளைக்கும் ஊர் கூடட்டும்

தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தலுக்கு ஒருவர் ஓடுகிறார், நாற்காலிக்கு ஒருவர் போன் போடுகிறார், பக்கத்து வீட்டு அடுப்பில் சாவு வீட்டுக்கும் சேர்த்து உலை ஏறுகிறது. வருடக்கணக்கில் பேசாதிருந்த பங்காளிகூட மாலையோடு வந்து நிற்கிறார். அடுத்து பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம், பண்டிகையில்லாத முதல் தீபாவளி என்று துக்கப்பட்டவரைக் கைப்பிடித்துக் கூட்டிவரும் முறையொன்றை நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்து பிறக்கும் குழந்தைக்கு இதில் எதுவும் கிடையாது. துணியில் சுற்றிய உடலைத் தகப்பனோ தாய்மாமனோ ஏந்திப்போய் அடக்கம் செய்துவிட்டு வருகிறார். பல குடும்பங்களில் பெற்றவளுக்குப் பிள்ளையின் முகத்தைக்கூடக் காட்டுவதில்லை. பார்த்தால் தாங்கமாட்டாள் என்று அவளைக் கேட்காமலே மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். அவள் வீடு திரும்பும்போது தொட்டிலும் சின்னச் சட்டைகளும் கண்ணில் படாத இடத்துக்குப் போயிருக்கும். அந்தப் பேச்சும் அதோடு முடிந்துவிடும்.

கருவிலோ பிறந்த சில நாள்களிலோ குழந்தையை இழந்தவர்களுக்காக அக்டோபர் 15ஆம் தேதியைப் பல நாடுகளில் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். 1988இல் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் அக்டோபரை இதற்கான விழிப்புணர்வு மாதமாக அறிவித்தார். 2002இல் அங்கே மூன்று பெண்கள் முயன்று 15ஆம் தேதியை நிலைபெறச் செய்தார்கள். அன்று மாலை அவரவர் ஊர் நேரப்படி 7 மணிக்கு ஒரு விளக்கேற்றி ஒரு மணி நேரம் எரிய விடுகிறார்கள். நமக்கு அது அப்துல் கலாம் பிறந்த நாள். பள்ளிகளில் இளைஞர் எழுச்சி நாள். பகல் மாணவர்களுடையதாகவே இருக்கட்டும். மாலையை இந்தப் பெற்றோருக்காக நம் ஊர்கள் ஒதுக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பழக்கம் நமக்கெதற்கு என்று தயங்குகிறவர்கள் புறநானூற்றின் 74ஆம் பாடலை நினைத்துப் பார்க்கலாம். சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாகச் சொல்லப்படும் பாடல் அது. இறந்து பிறந்த பிள்ளையையும், உருவம் கூடாத தசைப் பிண்டத்தையும்கூட ஆளில்லை என்று தள்ளிவிடாமல், வாளால் வெட்டி வீரனுக்குரிய முறையில் அடக்கம் செய்த வழக்கத்தைச் சொல்கிறது. போர்க்காலத்து வழக்கம் போய்விட்டது, போகவேண்டியதுதான். ஆனால் அந்தக் குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணும் மனம் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. நம் கிராமத்துப் பாட்டிமாரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "பெத்தது எட்டு, தங்குனது நாலு" என்பார்கள். தங்காத நான்கையும் அவர்கள் கணக்கிலிருந்து விட்டதில்லை.

நம்முடைய ஆறுதல் வார்த்தைகள்தான் விட்டுவிடுகின்றன. "வயசிருக்கு, அடுத்தது பொறக்கும்." "நல்லவேளை, வளந்து பாசம் வைக்கறதுக்குள்ள போயிடுச்சு." சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாத பதற்றத்தில் வருபவை இவை. ஆனால் பிறக்கப்போகும் பிள்ளை, போன பிள்ளைக்கு ஈடாகாது. பாசம் பிறந்த பிறகுதான் தொடங்குகிறது என்பதும் உண்மையல்ல. முதல் அசைவு தெரிந்த நாளிலிருந்து அவள் அந்தப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தவள்.

பிள்ளை போன சேதி அவள் உடம்புக்கும் தெரிவதில்லை. பிரசவமான இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கிறது. மார்பு கனத்து, வலித்து, சேலை நனைகிறது. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிப் பாலை வற்றச் செய்யும் கைவைத்தியம் நம் பாட்டிகளுக்குத் தெரியும். 1988இல் வேலூர் மருத்துவர்கள் அதை ஆராய்ந்து பலன் இருப்பதாகவே எழுதினார்கள். இப்படி நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவர் இல்லாமல், குழந்தைகள் அழும் வார்டில் அதே வரிசைக் கட்டிலில் அவள் படுத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை! நெரிசலில் வேலை செய்யும் செவிலியர்களைக் குற்றம் சொல்லவில்லை. வார்டின் ஓரத்தில் ஒரு கட்டில், மறைப்புக்கு ஒரு திரை, கேஸ் ஷீட்டில் எல்லோருக்கும் புரியும் ஓர் அடையாளம் போதும். பணி மாறி வருகிறவர் "குழந்தை எங்கேம்மா?" என்று கேட்காமலிருக்க அது உதவும்.

28 வாரங்களுக்குப் பிறகு இறந்து பிறக்கும் குழந்தைகள் 2019இல் உலகில் ஏறத்தாழ 20 லட்சம் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. அந்த எண்ணிக்கையில் இந்தியாவே முதலிடத்தில் இருந்தது. இவற்றில் 40 சதவீதத்துக்கு மேல் பிரசவ வேளையில் நிகழ்பவை; நல்ல கவனிப்பிருந்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை. ஆகவே துக்கத்தைப் பேசுவது மனஆறுதலோடு நிற்கும் காரியமல்ல. விதி என்று மூடிவிட்ட வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார்களா, சர்க்கரை இருந்ததா, ஆம்புலன்ஸ் ஏன் தாமதமானது என்பவற்றுக்குப் பதில் கிடைக்காமலே போகிறது. எஞ்சுவது பெற்றவள்மீது விழும் பழிதான். ராசியில்லாதவள் என்ற சொல் இன்றும் நம் வீடுகளில் புழங்குகிறது.

சட்டம் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே கருச்சிதைவுக்கு ஊதியத்தோடு 6 வாரம் விடுப்புக்கு வழி செய்தது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு உண்டு என்று 2022இல் உத்தரவானது. சித்தாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிற பெண்ணை இவை எட்டுவதில்லை. தகப்பனைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. அடக்கம் செய்த கையோடு மறுநாள் வேலைக்குப் போகிறவன் அவன். நியூசிலாந்து 2021இல் கருச்சிதைவுக்கும் தாய், துணைவர் இருவருக்குமே 3 நாள் துக்க விடுப்பு தந்தது. நம் நிறுவனங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு மேலாளரின் கையெழுத்தில் முடிகிற விஷயம் இது.

தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. கர்ப்பிணிகளை அழைத்துச் சமுதாய வளைகாப்பு நடத்தும் அரசு இது. சாதி, மதம் பாராமல் அங்கன்வாடிப் பணியாளர் வீடு தேடிப்போய் அழைக்கிறார். கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் இருக்கிறது. யாருடைய தொட்டில் காலியாக இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். தடுப்பூசிக்காக எத்தனை முறை போவாரோ, அதில் இரண்டு முறையாவது இந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச அவருக்கு நேரமும் பயிற்சியும் அரசு தர வேண்டும். தூக்கமின்மை, உயிர் வெறுத்த பேச்சு என்று ஏதாவது தென்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

மற்றதை ஊர்தான் செய்ய வேண்டும். அக்டோபர் 2 கிராமசபையில் ஒரு தீர்மானம் போடலாம். நகரத்தில் குடியிருப்போர் சங்கங்கள் முன்வரலாம். 15ஆம் தேதி மாலை பொது இடத்தில் அகல் விளக்குகள் வைத்தால் போதும். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம், யாரும் படம் எடுக்க வேண்டாம். பிள்ளைக்கு மனதில் வைத்திருந்த பெயரைச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும்; முடியாதவர்கள் வீட்டு வாசலிலேயே ஏற்றட்டும். நாற்பது வருடம் முன்பு இழந்த பாட்டிகளும் வரட்டும். அடுத்த சமுதாய வளைகாப்புக்கு அழைக்கப் போகும்போது, பிள்ளையை இழந்தவள் வீட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வருவதும் வராததும் அவள் விருப்பம். வந்தால், வளையல் பூட்ட அவளையும் முன்னே கூப்பிடுங்கள்.